கத்தரியா, சுக்கினியா? நிறத்தை நம்பாதீர்கள்

கத்தரிக்காயைத் தெரியாத பெண் எமது திருகோணமலை மாவட்டத்தில் இருக்கமாட்டாள். வேலியடியில் இரண்டு கன்று நிற்காத வளவும் குறைவு. அப்படியிருந்தும், கத்தரிக்காயோடு பிறந்து வளர்ந்த எங்களையே ஒரு சின்னக் கடதாசி தடுமாற வைத்தது.

நிலாவெளிப் பக்கத்து விடுதி ஒன்றின் குசினியிலிருந்து எமது ஊர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு அந்தக் கடதாசி வந்தது. ஆங்கில எழுத்தில் இரண்டே வரி: ஓபஜீன் 5 கிலோ, கோர்ஜெட் 4 கிலோ. அப்போது நான் ஊரில் இல்லை. இருந்தவர்களில் ஒரு பிள்ளை கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்திருக்கிறாள். இரண்டு படம் வந்திருக்கிறது. இரண்டும் நீளம், இரண்டும் மினுமினுப்பு, இரண்டும் கடும் நிறம். "இரண்டும் கத்தரிக்காய்தான், ஒன்று ஊதா, மற்றது பச்சை" என்று முடிவாகி, 5 கிலோ ஊதாக் கத்தரியும் 4 கிலோ பச்சைக் கத்தரியும் முச்சக்கர வண்டியில் போயின. பச்சை 4 கிலோவும் அதே வண்டியில் திரும்பி வந்தது. போய்வந்த கூலி சங்கத்தின் தலையில். அதைவிட, "இவர்களுக்குச் சாமான் தெரியாது" என்ற பேச்சுத்தான் எங்கள் பெண்களுக்கு வலித்தது.

ஊருக்கு வந்ததும் என்னிடம் கேட்டார்கள். நான் 4 வருடம் குவைத்தில் ஒரு வீட்டுக் குசினியில் நின்றவள். அங்கே இந்த இரண்டு காயும் கிழமைக்கு மூன்று தடவையாவது என் கையில் வரும். வந்தபின் இரண்டையும் என் வளவிலும் நட்டுப் பார்த்திருக்கிறேன். அன்று சங்கத்தில் சொன்னதை, இன்னும் கொஞ்சம் சேர்த்து, இந்தப் பக்கத்தில் எழுதுகிறேன். தையல் மெஷினுக்கும் கோழிக்குஞ்சுக்கும் அடுத்தபடியாக எங்களைப் போன்ற குடும்பங்களுக்குச் சொல்லப்படும் வாழ்வாதாரம் வீட்டுத்தோட்டம்தான். எந்தக் காயை எந்தப் பெயரில் கேட்கிறார்கள் என்று தெரியாமல் அதில் இறங்கினால் பாடுபட்டதெல்லாம் வீண்.

பெயர்களின் குழப்பம்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஓபஜீன், எக்பிளான்ற், பிரிஞ்சால் மூன்றும் ஒரே காய். அது எங்கள் கத்தரிக்காய். கோர்ஜெட், சுக்கினி இரண்டும் ஒரே காய். அது வேறு. இங்கிலாந்துக்காரர் ஓபஜீன், கோர்ஜெட் என்பார்கள். அமெரிக்கா, கனடாவில் எக்பிளான்ற், சுக்கினி என்பார்கள். இலண்டனில் இருக்கும் தங்கையும் ரொறன்ரோவில் இருக்கும் மச்சாளும் ஒரே காயைச் சமைத்துவிட்டு எங்களிடம் இரண்டு பெயர் சொல்வது இதனால்தான்.

கத்தரியின் ஊர் எங்கள் ஆசியப் பக்கம். இங்கிருந்து பாரசீகத்துக்கும் அரபு நாட்டுக்கும் போய், அரபுக்காரர் கையால் ஐரோப்பாவுக்குப் போனது. அரபியில் அதற்குப் பாதிஞ்சான் என்று பெயர். அந்தச் சொல்தான் பிரெஞ்சுக்காரரின் வாயில் திரிந்து ஓபஜீன் ஆனது. போர்த்துக்கேயர் வாயில் பெரிஞ்சேலா ஆகி, பிறகு ஆங்கிலேயர் இந்தப் பக்கங்களில் பேசும்போது பிரிஞ்சால் ஆனது. கேட்க மூன்று விதமாக இருந்தாலும் மூன்றும் ஒரே வேர்ச்சொல். எக்பிளான்ற் என்பது மட்டும் வேறு வழி. ஐரோப்பாவில் முன்னர் கண்ட வகைகளில் சில வெள்ளையாக, கோழிமுட்டை போல இருந்தபடியால் முட்டைச்செடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் வெள்ளைக் கத்தரியைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்.

(திருகோணமலைத் துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்காரர் எத்தனை சொல்லை விட்டுப்போனார்கள் என்று எண்ணிப் பார்த்தால் வேடிக்கைதான். 1624இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள். கோட்டையை ஒல்லாந்தர் பிடித்தனர், பிறகு ஆங்கிலேயர் பிடித்தனர். ஆனால் அடுப்படிக்கு நாம் சொல்லும் 'குசினி' என்ற சொல்லை எவரும் எங்களிடமிருந்து பிடுங்கவில்லை. அதுவும் போர்த்துக்கேயச் சொல்தான்.)

சுக்கினி எதிர்த்திசையில் வந்த காய். அதன் மூதாதை அமெரிக்கக் கண்டத்துப் பூசணி. கொலம்பஸ் 1492இல் அந்தக் கரைக்குப் போகும்வரை இந்தப் பக்கத்தில் எவரும் அதைக் கண்டதில்லை. ஐரோப்பாவுக்குப் போனபின் இத்தாலிக்காரர்தான் அதை நீளமாக, பிஞ்சிலேயே பிடுங்கும் காயாகத் தெரிந்தெடுத்து வளர்த்தார்கள். இத்தாலிய மொழியில் 'சுக்கா' என்றால் பூசணி. சுக்கினி என்றால் குட்டிப் பூசணிகள். பிரெஞ்சில் 'கூர்ஜ்' என்றாலும் பூசணி வகை, கோர்ஜெட் என்றால் அதன் குட்டி. ஆகவே எந்தப் பெயரில் கேட்டாலும் அவர்கள் கேட்பது பூசணிக்குட்டி. இந்த ஒரு சொல்லை மனதில் வைத்துக்கொண்டால் மிச்சமெல்லாம் தானாக விளங்கும். பூசணிக்கு எப்படிப் பூ, எப்படி விதை, எப்படிக் காம்பு என்று உங்களுக்குத் தெரியும்தானே?

மத்திய கிழக்குக்குப் போகும் சகோதரிகளுக்கு ஒரு குறிப்பு. அங்கே சுக்கினிக்குக் கூசா என்று பெயர். கத்தரி, மேலே சொன்ன பாதிஞ்சான். கூசா பெரும்பாலும் கட்டையாக, வெளிறிய பச்சையாக இருக்கும். அதனால் அங்கே கத்தரியோடு அது மாறுபடாது, கியார் என்கிற வெள்ளரிக்காயோடுதான் மாறுபடும். இரண்டையும் குடைந்து, அரிசியும் அரைத்த இறைச்சியும் அடைத்து 'மஹ்ஷி' என்று சமைப்பார்கள். கூசாவும் கத்தரியும் ஒரே சட்டிக்குள் போவதும் உண்டு. போகுமுன் எனக்குக் கிடைத்த பயிற்சியில் சலவை இயந்திரம், தூசு உறிஞ்சும் இயந்திரம் எல்லாம் காட்டினார்கள். மரக்கறிப் பெயர் ஒன்றும் சொல்லித்தரவில்லை. முதல் மாதம் நான் அந்த வீட்டு அம்மாவிடம் ஒவ்வொரு காயையும் கையில் எடுத்துக் காட்டிப் பெயர் கேட்டுத்தான் படித்தேன். போகிறவர்கள் கூசா, கியார், பாதிஞ்சான் மூன்றையும் இங்கேயே பாடமாக்கிக்கொண்டு போங்கள்.

தலையைப் பாருங்கள்

நிறத்தை வைத்துக் காயை அடையாளம் காணப்போனால் கட்டாயம் ஏமாறுவோம். கத்தரியில் ஊதா உண்டு, பச்சை உண்டு, வெள்ளை உண்டு, கோடு போட்டதும் உண்டு. எமது விவசாயத் திணைக்களத்தின் 'லேனஇரி' என்ற இனம் ஊதாவில் வெள்ளைக் கோடு ஓடியது. சிங்களத்தில் 'லேனா' அணில், 'இரி' கோடு. அணில் முதுகைப் பார்த்து வைத்த பெயர். சுக்கினியிலும் கறுப்புக்குக் கிட்டவான கரும்பச்சை, வெளிர்ப்பச்சை, மஞ்சள், கோடு எல்லாம் இருக்கிறது. தொலைபேசிப் படத்தில் கரும்பச்சையும் கரும் ஊதாவும் ஒன்றுதான்.

பார்க்கவேண்டியது காயின் தலையை. கத்தரிக்காய்க்குத் தொப்பி இருக்கிறது. பூவின் அடியில் இருந்த பச்சை இதழ்கள் உதிராமல், காயோடு சேர்ந்து வளர்ந்து, அதன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். சில இனங்களில் அந்தத் தொப்பியில் முள்ளும் குத்தும். சுக்கினிக்குத் தொப்பியே இல்லை. பூசணியில் இருப்பது போல, கடினமான, மூலை மூலையாக வரம்பு வைத்த காம்பு நேரே காயில் வந்து முட்டும். பெரும்பாலும் ஐந்து வரம்பு இருக்கும், விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளரிக்காய்க்கும் கெக்கரிக்காய்க்கும் காம்பு மெல்லியது. ஆகவே காம்பைப் பார்த்தாலே வெள்ளரியையும் சுக்கினியையும் பிரித்துவிடலாம்.

காயின் மறுமுனையிலும் ஒரு அடையாளம் உண்டு. சுக்கினியின் பூ காயின் நுனியில் இருக்கும், அதாவது காம்புக்கு நேர் எதிர்ப்பக்கம். பூ உதிர்ந்த இடத்தில் வட்டமாக ஒரு தழும்பு தெரியும். புதிதாகப் பிடுங்கியதில் வாடிய பூவே ஒட்டிக்கொண்டிருக்கும்.

இன்னும் சந்தேகமென்றால் வெட்டிப் பார்ப்பதுதான். கத்தரியின் சதை பஞ்சு போல இருக்கும், சின்ன விதைகள் சதைக்குள் பரவிக் கிடக்கும், வெட்டிக் கொஞ்ச நேரத்தில் பழுப்பாகும். அதற்காகத்தானே தண்ணீருக்குள் போடுகிறோம். சுக்கினி வெட்டினால் ஈரம் கசியும், விதைகள் நடுவில் வரிசையாக இருக்கும், கத்தரி போல அவ்வளவு விரைவில் கறுக்காது.

செடியாக நிற்கும்போது குழப்பமே இல்லை. கத்தரி நிமிர்ந்து கிளைவிடும். இலையில் மெல்லிய மயிர் படர்ந்து சாம்பல் பூத்தது போல இருக்கும். ஊதா நிறத்தில் நட்சத்திரம் போன்ற பூ கவிழ்ந்து தொங்கும். சுக்கினி நிலத்தோடு பரந்து, நடுவிலிருந்து குடை விரித்தது போல பெரிய இலைகளைத் தள்ளும். இலைக்காம்பு உள்ளே கோறையாக இருக்கும், வெளியே சுணை. பூ கை அகலத்துக்கு மஞ்சள். கூடுதலான சுக்கினி இனங்கள் பூசணி போலக் கொடி ஓடுவதில்லை, இருந்த இடத்தில் புதராக நிற்கும்.

விதைப் பக்கற்றை ஏமாறாமல் வாங்குவது

காயில் ஏமாந்தால் முச்சக்கர வண்டிக் கூலிதான் நட்டம். விதையில் ஏமாந்தால் ஒரு போகமே போய்விடும். 2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் கிடந்தபோது வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்தும் பயிர் செய்யச் சொன்னார்கள். அந்த நேரம் எங்கள் பக்கத்துக்கும் விதைப் பக்கற்றுகள் வந்தன. சிலதில் தமிழ் எழுத்தே இல்லை. ஒரு படமும் ஆங்கிலப் பெயரும் மட்டும்.

எங்கள் சங்கத்தில் ஓர் அக்கா இருக்கிறா. 2006இல் சம்பூரிலிருந்து பிள்ளைகளோடு வெளிக்கிட்டு, 10 வருடம் முகாமும் உறவினர் வீடுமாக இருந்து, காணி விடுபட்ட பிறகு திரும்பி வந்தவ. வேலை என்றால் பின்நிற்காத மனிசி. அவ படத்தைப் பார்த்து நீளக் கத்தரி என்று நினைத்து, விதையை நாற்றுமேடையில் போட்டு, வைக்கோல் மூடி, 5 கிழமை தண்ணீர் ஊற்றி வளர்த்தா. பிறகு கத்தரிக்கன்று பிடுங்குவது போலப் பிடுங்கி நட்டா. ஒரு கிழமைக்குள் முக்கால்வாசி செத்துப்போயிற்று. "என்ன தங்கச்சி, கத்தரிக்கொட்டை இவ்வளவு பெரிசா இருக்கே என்று அப்பவே யோசிச்சனான்" என்று பிறகு சொன்னா. அவவின் கண் பிழைசொல்லவில்லை. பக்கற்றின் படத்தை அதைவிடக் கூடுதலாக நம்பியதுதான் வினை.

கத்தரி விதை மிகச் சிறியது. மிளகாய் விதையைப் போல, தட்டையாக, மஞ்சள் கலந்த பழுப்பாக இருக்கும். ஒரு கிராமில் 200க்கு மேல் இருக்கும். சுக்கினி விதை பூசணி விதைதான்: விரல்நகம் அளவு, தட்டை, பாற்கட்டி நிறம். ஒரு கிராமுக்கு பத்துக்கும் குறைவு. பக்கற்றைத் திறக்கமுன்னர் வெளியே தடவினாலே கைக்குத் தெரியும்.

கத்தரியை நாற்றுமேடையில் போட்டு, 4, 5 கிழமையில், நாலைந்து இலை வந்தபின் பிடுங்கி நடவேண்டும். அது வேர் அறுந்தாலும் தாங்கும். சுக்கினி அப்படியல்ல. வேரை அசைத்தால் பொறுக்காது. குழிக்கு 2 விதையாக, ஓர் அங்குல ஆழத்தில், நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றவேண்டும். முளைத்தபின் நல்லதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். குழிக்குக் குழி 3 அடி தேவை. இடம் இல்லாதவர்கள் பழைய பசளைப் பையில் மண் நிரப்பி, பைக்கு ஒன்றாக வளர்க்கலாம்.

அடுத்த போகத்துக்கு விதை எடுப்பதிலும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கத்தரிப்பூ ஒன்றுக்குள்ளேயே ஆணும் பெண்ணும் இருக்கிறது. பெரும்பாலும் தன் பூந்தூளாலேயே காய்க்கும். ஆகவே ஒட்டு இனம் அல்லாத நாட்டுக் கத்தரியில் நல்ல காய் ஒன்றை மஞ்சளாகப் பழுக்கவிட்டு விதை எடுத்தால் தாயைப் போலவே பிள்ளை வரும். சுக்கினியில் தேனீ அயல் பூவிலிருந்து தூளைக் கொண்டுவந்து சேர்க்கும், என்ன பிள்ளை பிறக்கும் என்று சொல்லமுடியாது. சுக்கினிக்கு ஒவ்வொரு முறையும் புது விதைதான் வாங்கவேண்டும். இந்தச் செலவைக் கணக்கில் போட்டுக்கொள்ளுங்கள்.

பூத்தும் காய்க்கவில்லையா?

சுக்கினி நட்ட பெண்கள் என்னிடம் கூடுதலாகக் கேட்கும் கேள்வி இது. பூ நிறைய, காய் இல்லை. அல்லது சுண்டுவிரல் அளவில் பிஞ்சு நுனியிலிருந்து மஞ்சளாகி அழுகி விழுகிறது. நோய் என்று நினைத்து மருந்து அடிக்கிறார்கள். மருந்துக்கு இங்கே வேலையில்லை, அடித்தால் தேனீயும் வராது.

சுக்கினிக்கு ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஆண்பூ மெல்லிய நீளக் காம்பில் நிற்கும். பெண்பூவின் அடியில் குட்டிச் சுக்கினி இருக்கும். பூ விடியற்காலையில் விரியும், வெயில் ஏறச் சுருங்கிவிடும். அந்த இடைவெளிக்குள் தேனீ வரவில்லையென்றால் பிஞ்சு அழுகும். தேனீ குறைந்த இடத்தில் அந்த வேலையை நாமே செய்யலாம். காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் ஓர் ஆண்பூவைக் கிள்ளி, இதழை உரித்து, நடுவிலுள்ள தூளைப் பெண்பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். ஓர் ஆண்பூ இரண்டு, மூன்று பெண்பூவுக்குக் காணும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகுமுன் விளையாட்டாகச் செய்துவிடுவார்கள். மிஞ்சிய ஆண்பூவைக் கடலைமாவில் தோய்த்துப் பொரிக்கலாம். கத்தரியின் பூவையும் இலையையும் அப்படிச் சாப்பிடக்கூடாது.

வெப்பம் கூடினால் சுக்கினி ஆண்பூவாகவே பூத்துத் தள்ளும். இதுதான் எமது மாவட்டத்தில் பெரிய சிக்கல். நிலாவெளி, உப்புவெளியில் வெள்ளைக்காரர் வருவது சித்திரைக்குப் பின் புரட்டாதி வரைக்கும். அதே காலத்தில்தான் கச்சான் காற்று அனலாக அடிக்கிறது. விடுதி கேட்கும்போது செடி காய்க்காது, செடி காய்க்கும்போது விடுதி கேட்காது. மாரிமழை ஓய்ந்து தையில் ஊன்றினால் 45, 50 நாளில் முதல் காய் பிடுங்கலாம். மாசி, பங்குனிதான் அதற்கு நல்ல காலம். கச்சானுக்குள்ளும் வேண்டுமென்றால் மத்தியான வெயிலுக்கு ஓலைப் பந்தல், அடியில் வைக்கோல் மூடாக்கு, காலை மாலை தண்ணீர். அப்படிச் செய்தும் விளைச்சல் அரைவாசிதான்.

கத்தரி நட்டு 2, 2½ மாதத்தில் காய்க்கத் தொடங்கும். பிறகு மாதக்கணக்கில் காய்க்கும். ஓய்ந்தபின் கவாத்துப் பண்ணிப் பசளை போட்டால் திரும்பவும் தளிர்க்கும். சுக்கினி இரண்டு மாதம் மட்டில் காய்த்து முடிந்துவிடும். ஆனால் அந்த இரண்டு மாதமும் ஒருநாள் விட்டு ஒருநாள் பிடுங்கியே ஆகவேண்டும். ஒரு சாண் அளவில் இருக்கும்போதுதான் விலை. நாலு நாள் மறந்தால் முழங்கை அளவில் வீங்கி நிற்கும், விடுதிக்காரன் திரும்பியும் பார்க்கமாட்டான். கூலிவேலைக்கும் போய்வரும் பெண்கள் இதை யோசித்து இறங்குங்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பாத்தியில் முக்கால்வாசி கத்தரிக்கு. சுக்கினி, கையில் சொல்லிவைத்த வியாபாரம் இருந்தால் மட்டும், ஐந்தாறு குழி. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2020இல் கொரோனாவிலும், 2022இல் எரிபொருள் இல்லாதபோதும் விடுதிகள் வெறுமையாகக் கிடந்ததை நாம் கண்டோம். கத்தரி விற்காவிட்டால் பிள்ளைக்குக் கறியாகும், சந்தைக்குப் போகும், வற்றல் போடலாம். 4 கிலோ சுக்கினியை எங்கள் ஊர்ச் சந்தையில் வைத்து விற்றுப் பாருங்கள், தெரியும்.

இரண்டும் வேறு குடும்பம் என்பதில் ஒரு இலாபமும் இருக்கிறது. கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே இனத்தார். நல்லாய் நின்ற கன்று பச்சையாகவே திடீரென வாடிச் சாகும் பக்டீரியா வாடல் நோய் இந்த மூன்றையும் பிடிக்கும், மண்ணிலும் தங்கும். ஆகவே கத்தரி நின்ற பாத்தியில் தக்காளியோ மிளகாயோ வைக்காமல் சுக்கினி, வெள்ளரி, புடோல் என்று மாற்றி வையுங்கள். வாடல் விடாத காணியில் சுண்டங்காய்ச் செடியின் அடித்தண்டில் கத்தரியை ஒட்டி நடுவார்கள், சுண்டை அந்த நோயைக் கூடுதலாகத் தாங்கும். ஒட்டும் முறையை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் செய்து காட்டுவார்.

கசப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டும். கத்தரிக்காய் கசந்தால் நாம் பயப்படுவதில்லை. முற்றிய காய் என்று உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து சமைத்துவிடுவோம். அதில் பிழையில்லை. கிரந்தி என்று பத்தியக்காரர் ஒதுக்குவார்களே தவிர, கத்தரியின் கசப்பு ஆளைக் கொல்லாது. அந்தப் பழக்கத்தைச் சுக்கினிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

சுக்கினி, பூசணி, சுரை, வெள்ளரிக் குடும்பத்தில் குக்கர்பிட்டசின் என்று ஒரு கசப்பு நஞ்சு உண்டு. கடையில் விற்கும் விதைகளில் அதை இல்லாமலாக்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் தானாக முளைத்த செடியிலும், வீட்டில் எடுத்த விதையிலும் அது திரும்பி வரலாம். உப்பில் ஊறவைத்தாலும் போகாது, அவித்தாலும் போகாது. சாப்பிட்டால் வயிற்றுவலி, வாந்தி, வயிற்றோட்டம். 2015இல் ஜேர்மனியில் ஒரு முதியவர் வீட்டுத்தோட்டத்துக் கசப்புச் சுக்கினியைச் சாப்பிட்டு இறந்தே போனார். இந்தியாவில் கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்து இறந்தவர்களும் உண்டு, அதுவும் இதே நஞ்சு.

ஆகவே சுக்கினி சமைக்கமுன் ஒரு சின்னத் துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கடுங்கசப்பு என்றால் துப்பிவிட்டு, காயை எறிந்து, அந்தச் செடியையும் பிடுங்கிவிடுங்கள். காசு கொடுத்து வாங்கியது, வீணாக்கக்கூடாது என்று பிள்ளைக்கு ஊட்டவேண்டாம். பசியைக் கண்டவர்கள் நாங்கள், எறிய மனம் வராது. இதை மட்டும் எறியுங்கள்.

சட்டியில்

கத்தரி எண்ணெயைக் குடிக்கும், சுக்கினி தண்ணீரை விடும். சமையலில் வித்தியாசம் இவ்வளவுதான். பொரித்த குழம்பு, மோஜு, சுட்டுப் பிசைந்த சம்பல் எல்லாம் கத்தரிக்கே உரியவை. சுக்கினியில் செய்தால் சளசளவென்று போய்விடும்.

சுக்கினியைத் தோல் சீவாமல், பீர்க்கங்காய்க்கு வெட்டுவது போலத் துண்டாக்குங்கள். வெண்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலையை வதக்கி, காயைப் போட்டு, தண்ணீர் விடாமல் மூடி 5 நிமிடம். அது விடும் தண்ணீரிலேயே அவிந்துவிடும். கொஞ்சம் மஞ்சளும் உப்பும், இறக்கும்போது கட்டிப்பால் ஒரு சிரங்கை. இறால் கிடைத்தால் முதலில் அதைப் பிரட்டிவிட்டுக் காயைப் போடுங்கள். முழங்கை அளவில் முற்றிப்போனதைக்கூட எறியத் தேவையில்லை. கசக்காவிட்டால் விதையை வழித்தெடுத்து, துருவிப் பிழிந்து, கோதுமைமாவோடு வெண்காயம் சேர்த்து ரொட்டி தட்டலாம். எங்கள் வீட்டில் பிள்ளைகள் அது என்ன காய் என்று இன்றுவரை கேட்கவில்லை.